துணைவரைத் திருத்தலாமா?

(நமது சங்கக் குடும்பங்களின் ஆண்டுக் கூட்டத்தில், திருச்சிராப்பள்ளியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணவன் மனைவியைத் திருத்த முயலலாமா, மனைவி கணவனைத் திருத்த முயலலாமா என்பது இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள். இஃது இல்லத்தினுள் அடங்கிக் கிடக்கவேண்டிய செய்தி, மேடைக்கு வரத்தக்கதன்று எனச் சிலர் கருதக்கூடும். யான் அவ்வாறு கருதவில்லை. நம் குடும்பங்களில் பெண் கொடுக்கும்போதும் பெண் கொள்ளும்போதும் இக்கேள்வி உள்ளே மறைந்து நின்று பெருந்தீங்கு செய்து வருகின்றது. அதனை வெளியே கொணர்ந்து நிறுத்துதற்கே இந்நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ள விரும்புகின்றேன்.

தமிழ் கற்பிப்போன் முதலிற் சொல்லைப் பார்ப்பது வழக்கம். ‘திருந்து’ என்பது தன்வினை. ‘திருத்து’ என்பது பிறவினை. ‘வருந்து’, ‘வருத்து’ என்பனவும் அவ்வாய்பாட்டினவே. இவ்விரண்டு இணைகளையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதும்போதெல்லாம், பிறரைத் திருத்தப் புகுந்தோர் பலர் வருத்தியதோடு நின்றுவிடுவதை மொழியே குறிப்பாற் சொல்கின்றதோ என்று எனக்குத் தோன்றும். இலக்கணம் அப்படிச் சொல்லவில்லை. அஃது என் கற்பனை. நிலத்தைத் திருத்துகின்றோம், காடு கழனியாகின்றது. ஏட்டைத் திருத்துகின்றோம், பிழை நீங்குகின்றது. நிலமும் ஏடும் வாய் திறந்து மறுமொழி கூறுவதில்லை. ஆதலால் அவற்றைத் திருத்துதல் எளிது. மனிதரைத் திருத்துதல் அத்தகையதன்று. அதிலும் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கி வாழ்பவரைத் திருத்துதல் எல்லாவற்றினும் அரிது.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. உறையூரும் திருவரங்கமுமே போதும்.

உடையவர் எனப் போற்றப்பெறும் இராமாநுசர் திருவரங்கத்தில் எழுந்தருளியிருந்த காலம். மரபு அவருக்குச் சொல்லும் ஆண்டுகள் 1017 முதல் 1137 வரை. அக்காலத்தில் உறையூரில் வில்லிதாசர் என்னும் மல்லர் ஒருவர் வாழ்ந்தார். பின்னாளில் பிள்ளை உறங்காவில்லி தாசர் என வைணவ உலகம் கொண்டாடியவர் அவரே. அவருடைய உயிர்த்துணை பொன்னாச்சியார். அப்பெண்மணியின் கண்ணழகில் அவர் முற்றும் தம்மை இழந்தவர். திருவரங்கத்துத் திருவிழாக் கூட்டத்தில், வெயில் அவர்மேற் படாதவாறு குடைபிடித்துக்கொண்டு, அவர் முகத்தையே நோக்கிப் பின்னடி வைத்து நடந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. கண்டோர் நகைத்தனர். அவருக்கு அந்நகை செவியில் ஏறவில்லை.

உடையவர் அவரை அழைத்தார். ‘இத்தனை பேர் நடுவில் நாணமின்றி இவ்வாறு செய்வதேன்?’ என வினவினார். ‘இவள் கண்களின் அழகு என்னை அடிமை கொண்டது’ என்றார் மல்லர். இவ்விடத்தில் நம்மில் ஒருவர் உடையவராக இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள். காமத்தின் இழிவைப்பற்றி ஒரு நாழிகை பேசியிருப்போம், பெண்ணைப் பழித்திருப்போம், வீரனுக்கு இது தகுமா என்று கேட்டிருப்போம். உடையவர் இவற்றுள் ஒன்றும் செய்தாரல்லர். ‘இவற்றினும் அழகிய கண்களைக் காட்டினால் அவற்றுக்கு ஆட்படுவாயா?’ என்றுமட்டும் கேட்டார். பெரிய பெருமாள் திருமுன்பு அழைத்துச் சென்று, அரங்கன் கண்களைக் காட்டினார். மல்லர் அன்றே வேறு மனிதரானார்.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவர். எனக்கோ இதன்பின் நிகழ்ந்ததே பெரிதாகப் படுகின்றது. வில்லிதாசர் பொன்னாச்சியாரை விட்டுவிடவில்லை. விடுமாறு உடையவரும் சொல்லவில்லை. இருவரும் உறையூரை விட்டுத் திருவரங்கத்துக்கு வந்து, இருவரும் உடையவர் திருவடியை அடைந்து, ஒரே இல்லத்தில் வாழ்ந்தனர். முன்னர் அவர் அவளை நோக்கினார். பின்னர் இருவரும் ஒன்றையே நோக்கினர். அவர் அவளைத் திருத்தியதாகவோ, அவள் அவரைத் திருத்தியதாகவோ கதை கூறவில்லை. இருவரும் திருந்தினர்.

அடுத்து வருவது நகைத் திருட்டு. உடையவர் காவிரிக்கு நீராடச் செல்லும்போது அந்தணராகிய முதலியாண்டான் கையைப் பற்றிச் செல்வார். நீராடி மீளும்போது மல்லராகிய வில்லிதாசர் தோளைப் பற்றி வருவார். சீடர் சிலர் இதற்கு முகஞ்சுளித்தனர். அவர்களுக்கு உண்மையை உணர்த்த எண்ணிய உடையவர், ஓரிரவு வில்லிதாசரைத் தம்மிடத்தே பேச்சில் நிறுத்திக்கொண்டு, அவர் இல்லத்தில் உறங்கும் பொன்னாச்சியாரின் நகைகளைக் கவர்ந்து வருமாறு அச்சீடரையே ஏவினார். அவர்கள் ஒருபுறத்து நகைகளைக் கழற்றினர். அம்மையார் விழித்தே இருந்தார். வந்தவர் அடியார் என்பதை உணர்ந்து, மறுபுறத்து நகைகளையும் அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று புரண்டு படுத்தார். திருடப் போனவர்கள் அஞ்சி ஓடினர்.

இல்லம் திரும்பிய வில்லிதாசரிடம் பொன்னாச்சியார் நடந்ததைச் சொன்னார். அவர் மகிழவில்லை. ‘நான் கொடுக்கின்றேன் என்னும் எண்ணம் உனக்கு எழுந்தது; அதனாற் புரண்டாய். அசையாது கிடந்திருந்தால் அவர்கள் முழுவதையும் எடுத்துச் சென்றிருப்பரே!’ என்று கடிந்தார். மறைந்திருந்து கேட்ட சீடர்கள் நாணினர்.

கணவன் மனைவியைத் திருத்துதற்கு இதைவிட வெளிப்படையான சான்று உண்டா என்று நீங்கள் கேட்கலாம். இக்கதையைப் படிக்குந்தோறும் என் மனம் பொன்னாச்சியார் பக்கமே சாய்கின்றது என்பதை முதலிற் கூறிவிடுகின்றேன். கொடுக்க வேண்டும் என்று புரண்டவளைக் கடிந்தது சற்று மிகையே. ஆயினும் இரண்டைக் கவனியுங்கள். அவர் கடிந்தது நகை போனதற்கன்று; நகை போகாததற்கு! தாம் இன்னும் பற்றி வைத்திருக்கும் ஒன்றை அவளை விடச்சொல்லவில்லை. தாம் முன்பே விட்டுவிட்ட ஒன்றையே சொன்னார். மற்றொன்று: நள்ளிரவில் வேற்று ஆடவர் வீட்டினுள் புகுந்து தன் மேனியிலிருந்த நகையைக் கழற்றினர் என்பதை அந்த அம்மையார் ஒளிக்காமல், நடுங்காமல், கணவன் வந்தவுடனே சொன்னார். ஐயம் கொள்வானோ, சினந்து கை ஓங்குவானோ என்ற அச்சம் அவ்வில்லத்தில் இல்லை. நம் இல்லங்களில் எத்தனையில், கைப்பையைத் தொலைத்துவிட்ட செய்தியையாவது மனைவி கணவனிடம் அச்சமின்றிச் சொல்ல முடிகின்றது? அச்சம் இல்லாத வீட்டில் ஒரு கடிந்த சொல் தாங்கும். அச்சம் உள்ள வீட்டில் நற்சொல்லும் அடியாகவே விழும்.

மல்லரை ஒரே நாளில் மாற்றிய அப்பெரியார்தாமே தம் இல்லறத்தில் என்ன கண்டார்? காஞ்சியில் அவர் மனைவியாராகிய தஞ்சமாம்பாள் திருக்கச்சிநம்பிக்கு உணவளித்துவிட்டு, குலம் நோக்கி இடத்தைத் தூய்மை செய்து மீண்டும் சமைத்ததையும், பசித்து வந்தவருக்கு வீட்டில் உணவிருந்தும் இல்லையென்றதையும், கிணற்றடியில் பெரியநம்பியின் மனைவியாரோடு பூசலிட்டதையும் மரபு மூன்று குற்றங்களாக எண்ணி வைத்திருக்கின்றது. முடிவில் உடையவர் அவரைத் தந்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் துறவு மேற்கொண்டார். ஆயிரக்கணக்கானவரைத் திருத்திப் பணிகொண்டவர் தம் இல்லாளைத் திருத்த இயலாது விட்டார் என்பது எளிய செய்தியன்று. அவரைக் குறைத்துச் சொல்வதற்காக யான் இதனை எடுக்கவில்லை. ஆசிரியர்க்கு இயலும் ஒன்று கணவர்க்கு இயலாது என்பதே இதிற் புலப்படுவது. மேலும், அவ்வம்மையார் பக்கத்துக் கதையை ஒருவரும் எழுதி வைக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல்வேண்டும்.

நம் பழைய இலக்கியங்களிலும் இந்நெறியையே காண்கின்றேன். பரத்தையிற் பிரிந்து மீளும் தலைவனை நேர்நின்று இடித்துரைப்பவள் பெரும்பாலும் தோழியே. தலைவி ஊடுவாள், வாயில் மறுப்பாள், கற்பிக்கப் புகுவது அருமை. மயிலுக்குப் போர்வை அளித்த பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தபோது, கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் நால்வர் அவனிடம் சென்று பாடிய பாடல்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை நிற்கின்றன. பொருள் வேண்டிச் செல்லும் புலவர், பொருள் வேண்டா, அவளிடம் செல்க என்றனர். மயிலின் குளிரை உணர்ந்தவனுக்கு மனையாள் துயர் தானே தெரியவில்லை, பிறர் சொல்லவேண்டியிருந்தது. சொல்லியவர்க்கோ அதில் தமக்கென ஊதியம் ஏதுமில்லை. ஆசாரியனும் தோழியும் புலவனும் நிற்கும் இடம் ஒன்றே. இருவருக்கும் நடுவே, எவர் வெற்றியிலும் பங்கு கேளாத மூன்றாமவர் இடம் அது. (மாமியாரும் நாத்தனாரும் இம்மூன்றாமவர் ஆவாரோ என்று கேட்க வேண்டா. அவர்கள் பக்கம் சேர்ந்தவர்கள், நடுவர் ஆகார்.)

‘அப்படியானால் மனைவி வாய் திறவாதிருப்பதே கற்பு என்கின்றீரா?’ என்று தாய்மார் கேட்பது எனக்குக் கேட்கின்றது. இல்லை. சிலப்பதிகாரத்துக் கண்ணகியை நினையுங்கள். கோவலன் மாதவிபாற் சென்று பொருளெல்லாம் தொலைத்த காலத்தில் அவள் ஒரு சொல்லும் கடிந்து சொன்னதாக இளங்கோ பாடவில்லை. நாணி வந்து நின்றவனிடம் சிலம்பு இருக்கின்றது, கொள்க என்றாள். அவனோடு புறப்பட்டுக் காவிரிக்கரை வழியே நடந்து, இந்த அரங்கத்தையும் உறையூரையும் கடந்தே மதுரை சென்றாள். மதுரைப் புறஞ்சேரியில், மாதரி கொடுத்த இல்லத்தில், தன் கையால் உணவிட்டபின், அவனே தன் பிழையை எண்ணி வருந்திப் பேசியபோதுதான், அவன் ஒழுகியது தகாதென்பதை முதன்முறையாகச் சொன்னாள். சிலம்பு விற்கச் சென்ற அவன் மீளவில்லை. அச்சொல்லைப் புகாரிலேயே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது காப்பியத்துக்குப் புறம்பான கேள்வி. ஆயினும் பெண்மக்களைப் பெற்றோர் அக்கேள்வியைக் கேட்டே தீரவேண்டும். அவள் பொறுமையைக் காப்பியமாக வைத்துப் போற்றுகின்றேன். என் மாணவியருக்கு ஒழுக்கமாகக் கற்பிக்க மாட்டேன்.

வாய் மூடியிருத்தலும் தகாது, ஆசிரியராய் அமர்தலும் தகாது எனின் வேறு வழி யாது? அதனை ஆண்டுதோறும் பங்குனியில் திருவரங்கமே நடித்துக் காட்டுகின்றது. பெரும்பாலோர் கண்டிருப்பீர்கள். நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளி, சோழன் மகளாகிய கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு மீள்கின்றார். பங்குனி உத்திரத்தன்று தாயார் சந்நிதிக்கு வந்தால், கதவு அடைக்கப்படுகின்றது. பிரணய கலகம் எனவும் மட்டையடி எனவும் வழங்கும் பூசல் நிகழ்கின்றது. பெருமாள் பக்கத்தில் சமாதானங்கள் சொல்லப்படுகின்றன. தாயார் பக்கத்தில் அவை மறுக்கப்படுகின்றன. உலகளந்தவனும் அக்கதவின்முன் நிற்கத்தான் வேண்டியிருக்கின்றது! முடிவில் நம்மாழ்வார் நடுவராக வந்து இசைவிக்கின்றார். அதன்பின் கதவு திறந்து, ஆண்டுக்கொருமுறை கிட்டும் தாயார் சேர்த்தி சேவை நடைபெறுகின்றது. அந்நாளிலேதான் உடையவர் சரணாகதி கத்தியத்தை விண்ணப்பித்தார் என்பர்.

தாயார் செய்வது என்ன? படிதாண்டாப் பத்தினி என்று பெயர் பெற்றவள், படி தாண்டி வந்து பெருமாளைப் பழக்கப் புகவில்லை. இனி நீர் இன்னவாறு நடக்கக் கற்றுக்கொள்ளும் என்று பாடம் சொல்லவில்லை. நீர் செய்தது எனக்கு உடன்பாடன்று என்பதைக் கதவினாற் சொன்னாள். தன் வாயிலைத் தான் காப்பது வேறு. பிறர் கையைப் பிடித்து எழுதப் பழக்குவது வேறு. முன்னது ஒவ்வொருவர்க்கும் உரிமை. பின்னதைத்தான் யான் மறுக்கின்றேன். அங்கும் இசைவித்தவர் மூன்றாமவரே என்பதை மறந்துவிடாதீர்கள்.

வைணவ நூல் கற்ற அன்பர் ஒருவர் முன்னொருநாள் எனக்கு ஒரு தடை எழுப்பினார். திருவரங்கத்திலே வாழ்ந்த பிள்ளை லோகாசாரியர் தம் ஸ்ரீவசன பூஷணத்தில், பிராட்டி உயிரையும் இறைவனையும் சொல்லாலே திருத்துவாள் என்றும், சொல்லுக்கு மீளாதபோது உயிரை அருளாலும் இறைவனை அழகாலும் திருத்துவாள் என்றும் உரைத்தாரே, அது மனைவி கணவனைத் திருத்துவதன்றோ என்றார். நல்ல தடை. ஆயின் பிராட்டி ஆண்டுப் பேசுவது தனக்காகவன்று. குற்றம் செய்து அஞ்சி நிற்கும் நமக்காக. தன் சுவைக்கேற்ற கணவனை ஆக்கிக்கொள்ள அவள் முயலவில்லை. அங்கே அவளே மூன்றாமவள். பிள்ளைகளுக்காகவோ முதியோர்க்காகவோ ஒரு மனைவி கணவனிடம் வழக்காடும்போது அவள் சொல்லுக்கு வேறொரு வலிமை வருவதை நாமும் காண்கின்றோமல்லவா?

ஆசிரியராகிய கணவரைப்பற்றி ஒரு சொல். காந்தியடிகள் 1883-இல் பதின்மூன்று வயதில் கஸ்தூரிபாவை மணந்தவர். மனைவியைத் தம் விருப்பப்படி ஆக்கிவிடவேண்டும் என்று முனைந்தமையையும், அவருக்கு ஆசிரியராகத் தம்மைக் கருதியமையையும், அதனால் இழைத்த துன்பத்தையும் தம் சத்திய சோதனையில் ஒளிக்காமல் எழுதியிருக்கின்றார். 1898-இல் டர்பனில், விருந்தினராய்த் தங்கிய எழுத்தர் ஒருவரின் கழிகலத்தை மனைவி முகமலர்ச்சியோடு தூய்மை செய்யவில்லை என்பதற்காக, அவர் கையைப் பற்றி வாயில்வரை இழுத்துச் சென்று வெளியே தள்ள முற்பட்டார். கொள்கை உயர்ந்ததே, சாதி வேற்றுமை பாராட்டாத கொள்கை. ஆயினும் அந்த நொடியில் அவர் செய்தது கொடுமையன்றி வேறென்ன? உயர்ந்த கொள்கையைக் கையில் வைத்திருப்பவர் திருத்தப் புகும்போதுதான் மிகவும் அஞ்சவேண்டும். பள்ளியில் மணி அடித்தால் மாணவன் வீட்டுக்குப் போய்விடுவான்; ஆண்டு முடிந்தால் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவான். வீட்டிலே ஆசிரியர் அமர்ந்துவிட்டால் மணி அடிப்பவர் எவர்?

இனி, இப்பொருளை எடுத்துக்கொண்டதன் காரணத்துக்கு வருகின்றேன். நம்மிடையே ஒரு வழக்கு இருக்கின்றது. பிள்ளை குடிக்கின்றானா? கண்டவரோடு சுற்றுகின்றானா? ஒரு வேலையிலும் நிலைப்பதில்லையா? ‘ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் சரியாகிவிடுவான்’ என்கின்றோம். அச்சொல்லை நன்றாகப் பாருங்கள். ஓடுகின்ற மாட்டுக்குக் கட்டும் கயிறும் கட்டையும் அதனுள் இருக்கின்றன. அக்கட்டையாக எவர் மகளைக் கட்டுகின்றோம்?

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி. தமிழில் நல்ல பற்றுடையவள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே, நல்ல இடம் என்று சொல்லி மணம் முடித்தார்கள். மணமகன் நாடோறும் குடிப்பவன் என்பது அவன் பெற்றோர்க்குத் தெரியும். உறவினர் பலர்க்குத் தெரியும். இடைநின்று பேசி முடித்தவர்க்கும் தெரியும். அவளுக்கும் அவள் தந்தைக்கும்மட்டும் தெரியாது. நான்கு ஆண்டுகள் அவள் செய்யாதது இல்லை: அழுதாள், கெஞ்சினாள், சினந்தாள், பேசாதிருந்தாள், கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டாள், அவன் சட்டைப்பையிலிருந்த பணத்தை ஒளித்து வைத்து அடியும் பட்டாள். குழந்தையோடு தந்தை வீட்டுக்கு வந்தபோது, அவனைப் பெற்றவள் கேட்ட கேள்வி: ‘ஒரு ஆம்பளையைத் திருத்த உனக்குத் துப்பு இல்லையா?’ முப்பது ஆண்டு வளர்த்தவர்க்கு இல்லாத துப்பு, இருபது வயதுப் பெண்ணுக்கு இருக்கவேண்டுமாம். நோய் தீராவிட்டால் மருந்தைக் குற்றம் சொல்வதற்காகவே அம்மருந்தை வாங்கினார்கள் போலும்!

குடி இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நோய். அந்நோயின்முன் மனைவியின் அன்பு எவ்வளவு செல்லும் என்பதற்கு அமெரிக்க நாட்டில் ஓர் அம்மையார் வரலாறு உண்டு. லோயிஸ் வில்சன் என்பது அவர் பெயர். 1918-இல் பில் வில்சன் என்பவரை மணந்தார். கணவரின் குடியை நிறுத்துவதையே ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டார். இயலவில்லை. 1934-இன் இறுதியில், தாமும் குடித்துக் கெட்டு மீண்டுகொண்டிருந்த ஒரு பழைய நண்பர் வந்து பேசினார். மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் துணை நின்றார். பில் குடியை விட்டார். அடுத்த ஆண்டு, 1935-இல், குடியினின்று மீள விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணையாகும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் அமைப்பு அவராலும் மற்றொரு மருத்துவராலும் தோன்றிற்று.

லோயிஸ் மகிழ்ந்திருக்கவேண்டுமல்லவா? ஒருநாள் கூட்டத்துக்கு நேரமாகின்றது, புறப்படு என்று கணவர் அழைத்தபோது, அந்தக் கூட்டங்களைச் சபித்துக் காலணியைக் கழற்றி எறிந்தார்! தம் பதினேழு ஆண்டு உழைப்பால் ஆகாதது வேற்றார் சிலராற் சில நாளில் ஆயிற்றே என்னும் மனப்புண் அது. பின்னர் அவர் தம்மையே ஆராய்ந்தார். தம்மைப் போன்ற குடும்பத்தார்க்காக 1951-இல் ‘அல்-அனான்’ என்னும் அமைப்பைத் தொடங்கத் துணை நின்றார். அங்கே குடும்பத்தார் கற்பது: இந்நோயை உண்டாக்கியவர் நாமல்லர், இதனை அடக்க நம்மால் ஆகாது, தீர்க்கவும் ஆகாது, நம் வாழ்வை நாம் சீர்செய்துகொள்ளலாம். உறையூர் மல்லருக்கு உடையவர் போல, நியூயார்க் நகரத்துக் குடியருக்கு அந்நண்பர் மூன்றாமவராய் வாய்த்தார். அதனைக் கண்டுகொள்ள லோயிஸ் பதினேழு ஆண்டு இளமையை விலையாகக் கொடுத்தார். நம் மாணவி கொடுத்தது நான்கு ஆண்டு. சில இல்லங்களிற் பெண்கள் முழு வாழ்வையும் கொடுக்கின்றனர்.

அடியும் உதையும் உள்ள இடத்தில் திருத்தம் என்னும் பேச்சுக்கே இடமில்லை. ‘பொறுத்துப்போ, அவன் மாறுவான்’ என்று சொல்லி அனுப்பும் பெற்றோர் அறியவேண்டுவது ஒன்று. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கின்றது. கணவன் வீட்டிலே தங்கியிருக்கும் உரிமையும், பாதுகாப்பு ஆணை பெறும் உரிமையும் அதில் உண்டு. அத்தகைய இல்லத்துக்கு நீதிமன்றமே மூன்றாமவர்.

இதன் மறுதலையும் உண்டு. ‘பெண் எப்படியிருந்தாலும் சரி, வந்தபின் நாங்கள் மாற்றிக்கொள்வோம்’ என்று சொல்லிப் பெண் கேட்கும் மணமகன் வீட்டார் உளர். பேச்சை மாற்றுவார்கள், உடையை மாற்றுவார்கள், வேலையை விடச் சொல்வார்கள். படித்த பெண்ணை மணந்து ‘இவர் பேச்சும் நடையும் எனக்கு நாணமாயிருக்கின்றன’ என்று சொல்லும் கணவனும் மனைவியும் இருபாலும் உளர். இவை சிறியன. ஒருவரையொருவர் உள்ளவாறு பார்த்து மணந்தாற் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆகவே அவற்றில் நேரம் போக்கவில்லை.

ஆகவே இச்சங்கத்தின்முன் இரண்டு வேண்டுகோள் வைக்கின்றேன். நமது வரன் பதிவுப் படிவத்தை நேற்று எடுத்துப் பார்த்தேன். நட்சத்திரம் கேட்கின்றோம், இராசி கேட்கின்றோம், படிப்பு, சம்பளம், உயரம், நிறம், சொந்த வீடு உண்டா, எத்தனை சவரன் எல்லாம் கேட்கின்றோம். குடிப்பழக்கம் உண்டா என்னும் ஒரு வரி இல்லை. தீராத நோய் உண்டா, கடன் உண்டா என்னும் வரிகளும் இல்லை. அவ்வரிகளைச் சேர்க்கவேண்டும். மணமகனை நேரில் அறிந்த சங்க உறுப்பினர் இருவர் அதன்கீழ்க் கையொப்பமிடவேண்டும். தெரிந்தே மறைத்தவர் இனி எந்த மணத்துக்கும் இடைநின்று பேசலாகாது. படிவத்தைப் பெண்ணின் தந்தை படித்தாற் போதாது. பெண்ணே படித்து ஒப்பவேண்டும்.

இரண்டாவது: வழிதவறிய இளைஞன் ஒருவன் நம் குடும்பங்களில் இருந்தால், அவனுக்குப் பெண் தேடுவதற்குமுன் மூவர் சென்று அவனோடு பேசட்டும். பேகனிடம் பரணர் சென்றதுபோல, ஊதியம் கருதாமற் செல்லட்டும். வேண்டினால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். ஓராண்டு அவன் தன் காலில் நின்று காட்டியபின் மணப்பேச்சை எடுக்கட்டும்.

எதிர்வரும் செயற்குழுக் கூட்டத்தில் இவ்விரண்டையும் தீர்மானங்களாக யானே முன்மொழிய இருக்கின்றேன். சங்க விதிப்படி வழிமொழிய ஒருவர் வேண்டும். தாய்மார்களுள் ஒருவர் அதற்கு முன்வந்தால் மகிழ்வேன். பெயரைக் கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் தெரிவித்துவிடுங்கள்.